புக்கரெஸ்ட்: கம்யூனிஸ ஆட்சிக் காலக் கட்டடங்களைப் பார்க்க 4 நாள் போதுமா? அம்மாவும் வருகிறார்

பாரதி பூங்கா வாசி (புதுச்சேரி)

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் இரண்டாம் வாரம் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட்டில் 4 முழு நாள் இருக்கப் போகிறோம். டிராகுலா கோட்டை, மலை ரயில் எல்லாம் இந்த முறை இல்லை. 1947 கடைசியில் மன்னர் பதவி விலகியதிலிருந்து 1989 டிசம்பர் வரை கம்யூனிஸ ஆட்சி எழுப்பிய கட்டடங்களை மட்டும் பொறுமையாகப் பார்க்க ஆசை.

நாடாளுமன்ற மாளிகைக்குள் போவது அவசியமா, வெளியே நின்று பார்த்தால் போதுமா? எதை முதலில், எதைக் கடைசியில் பார்ப்பது? எந்தப் பகுதியில் அறை எடுப்பது? அம்மாவுக்கு வயது 64, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். அவர் பிரெஞ்சு குடியுரிமை உள்ளவர். எனக்கு இந்திய பாஸ்போர்ட், வயது 33, வேலையில் இருக்கிறேன். விசா பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

லாஸ்பேட்டை கட்டுமானி

மாளிகையிலிருந்தே தொடங்குங்கள். அதன் டிக்கெட் எந்த நாளில் எந்த நேரத்துக்குக் கிடைக்கிறதோ, மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் அமையும். உள்ளே நம் விருப்பத்துக்குச் சுற்ற முடியாது. வழிகாட்டியுடன் குழுவாகத்தான் விடுவார்கள். குறைந்தது ஒரு நாள் முன்னதாகப் பதிவு செய்துவிடுங்கள். இன்றும் அது நடப்பில் உள்ள நாடாளுமன்றம். வெளிநாட்டுத் தலைவர் வருகை, பெரிய மாநாடு என்று ஏதாவது இருந்தால் பார்வையாளர் சுற்றை நிறுத்திவிடுவார்கள். அதனால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். முதல் நாளோ இரண்டாம் நாளோ வைத்தால், ரத்தானாலும் இன்னொரு வாய்ப்பு இருக்கும்.

வாசலில் அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள். ஜெராக்ஸ், போனில் எடுத்த படம் எதுவும் செல்லாது. பலர் பாஸ்போர்ட்டை அறையில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு வந்து இங்கே திரும்புகிறார்கள். விமான நிலையம் போல ஸ்கேனர் சோதனையும் உண்டு, சொன்ன நேரத்துக்கு 20 நிமிடம் முன்னால் போங்கள்.

வாசல் குழப்பம் இன்னொன்று. கட்டடம் சுமார் 270 மீட்டருக்கு 240 மீட்டர்; சுற்றி வேலி. சுற்றுலா நுழைவு ஏ3 என்ற வாசல். உனிரீ பெருவீதியிலிருந்து மாளிகையைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம், இஸ்வோர் பூங்காவை ஒட்டி வரும். சமகாலக் கலை அருங்காட்சியகமும் இதே கட்டடத்தில்தான், ஆனால் பின்பக்கச் சிறகில், வேறு தெருவிலிருந்து வாசல். 2004-இல் திறந்தது. முன்பக்கம் நின்றுகொண்டு பின்வாசல் டிக்கெட்டைக் காட்டினால் வேலியைச் சுற்றி ஒரு பெரிய நடை நடக்க வேண்டிவரும். அம்மாவுக்கு அது ஆகாது, வண்டியில் போய் இறங்குங்கள். மெட்ரோவில் வந்தால் இறங்கும் நிலையம் இஸ்வோர்.

உள்ளே போகத்தான் வேண்டுமா? போக வேண்டும் என்பேன். வெளியிலிருந்து பார்த்தால் அளவு கண்ணுக்குப் பிடிபடாது, ஏனென்றால் பக்கத்தில் ஒப்பிட ஒரு சின்ன வீடுகூட மிச்சமில்லை. உள்ளே கூடம் கூடமாக நடக்கும்போதுதான் உறைக்கும். தரைப்பரப்பு 3,65,000 சதுர மீட்டர், உயரம் 84 மீட்டர், எடை சுமார் 41 லட்சம் டன். உலகிலேயே எடை மிகுந்த கட்டடம் என்று கின்னஸில் இருக்கிறது. பளிங்கு, மரம், படிகக் கண்ணாடி எல்லாமே அநேகமாக உள்நாட்டுச் சரக்கு. ஒரு சுற்றில் காட்டுவது கட்டடத்தின் மிகச் சிறிய பங்குதான். ஆனால் படிகள் நிறைய. முழங்கால் வலியைப் பதிவு செய்யும்போதே சொல்லி லிஃப்ட் வசதி கேளுங்கள். வாசலில் போய்க் கேட்டால் குழு உங்களுக்காகக் காத்திருக்காது.

இனி முக்கியமான விஷயம். மாளிகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். 1977 மார்ச் 4 நிலநடுக்கத்தில் ருமேனியாவில் 1,500க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் இந்த நகரத்தில். அதற்கு 6 ஆண்டு முன், 1971-இல், அப்போது நாட்டை ஆண்ட கம்யூனிஸத் தலைவர் சவுசெஸ்கு வட கொரியத் தலைநகர் பியோங்யாங் போய் வந்திருந்தார். நேர்கோடான பெருவீதி, அதன் முனையில் ஒரே பெரிய மாளிகை என்ற எண்ணம் அங்கே பிடித்தது என்பார்கள். நிலநடுக்கம் அதற்கு ஒரு காரணத்தைக் கையில் கொடுத்தது. நடுக்கத்தில் விழாத வீடுகளையும் சேர்த்து ஊரானுஸ் என்ற பழைய மேட்டுப்பகுதியையே இடித்தார்கள். சுமார் 40,000 பேர் வீடு இழந்தார்கள். 1984-இல் அடிக்கல், தலைமைக் கட்டடக்கலைஞர் அன்கா பெத்ரெஸ்கு, அப்போது அவருக்கு 35 வயதுதான். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை.

ஆகவே மாளிகை வாசலிலிருந்து நேராக உனிரீ பெருவீதியில் நடங்கள். அதன் அந்நாள் பெயர் சோசலிச வெற்றிப் பெருவீதி. நீளம் 3 கி.மீ.க்கு மேல், நம்ம கடற்கரைச் சாலையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். நடுவில் வரிசையாக நீரூற்று, இருபுறமும் ஒரே உயரத்தில் அடுக்குமாடி. அந்த அடுக்குமாடி வரிசையில் நடுநடுவே வளைவான வழிகள் வரும். அவற்றில் நுழையுங்கள். பின்னால் 18ஆம் நூற்றாண்டு அந்தீம் மடாலயம் அப்படியே நிற்கும், வீதியிலிருந்து தலைகூடத் தெரியாது. கொஞ்சம் வடக்கே சாப்பியென்த்சேய் தெருவில் மிஹாய் வோடா தேவாலயம், அடுக்குமாடிகளின் முதுகுகளுக்கு நடுவே.

மிஹாய் வோடா அங்கே கட்டப்பட்டதல்ல, அங்கே கொண்டுவரப்பட்டது. இடிபடாமல் காப்பாற்ற எவ்ஜெனியு யொர்தக்கெஸ்கு என்ற பொறியாளர் கண்ட வழி அது. நம்ம ஊரில் ரோடு உயர்ந்து வீடு பள்ளத்தில் போனால் ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, அடிப்படை அதேதான். சுவருக்கு அடியில் பகுதி பகுதியாகத் தோண்டி, சுற்றிலும் கான்கிரீட் பீம் சட்டம் வார்த்து, பிறகு பழைய அஸ்திவாரத்திலிருந்து சுவரைத் துண்டித்து, சட்டத்தோடு சேர்த்துத் தண்டவாளத்தில் ஏற்றி, ஹைட்ராலிக் ஜாக்கியால் மெல்ல மெல்லத் தள்ளுவது. 1985-இல் இந்தத் தேவாலயம் 289 மீட்டர் நகர்ந்தது, மணிக்கோபுரம் தனியாக நகர்ந்தது. ஒரு மூலையில் ஜாக்கி முன்னதாகவோ பின்னதாகவோ தள்ளினால் செங்கல் சுவர் குறுக்கே பிளந்துவிடும். ஆகவே எல்லா ஜாக்கியும் ஒரே அளவு நகர்கிறதா என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். மிஹாய் வோடா மடாலயத்தின் மற்றக் கட்டடங்கள் இடிபட்டன.

ஒயிட் டவுனில் (புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதி) வளர்ந்தவர்களுக்கு முகப்பு என்றால் வீட்டின் முகம். இங்கே முகப்பு திரைச்சீலை. உனிரீயை அந்தக் கண்ணோடு பாருங்கள், ஒவ்வொரு வளைவிலும் நின்று பின்பக்கம் எட்டிப் பாருங்கள்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை: மாளிகையின் முகம் கிழக்கே. காலை 9 மணிக்குள் அதன் முன்னுள்ள சதுக்கத்தில் நின்றால் கல்லின் நிறம் வரும். மதியத்துக்கு மேல் சூரியன் கட்டடத்தின் பின்னால் போய்விடும், படம் கறுத்துவிடும்.

---

கெடிலக்கரை (கடலூர்)

கட்டுமானி சார் சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை, ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். கம்யூனிஸக் கால புக்கரெஸ்ட் என்பது மாளிகை அல்ல, அடுக்குமாடிக் குடியிருப்பு. நகரத்தில் பெரும்பாலோர் இன்றும் வாழ்வது அதில்தான். ஒரு முழு அரைநாள் அதற்குக் கொடுக்காமல் திரும்பாதீர்கள்.

பார்க்க வேண்டியது ட்ரூமுல் தபெரெய். 1960களிலும் 70களிலும் எழுந்தது. நெய்வேலி டவுன்ஷிப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். அங்கே வட்டம் வட்டமாகப் பிரித்து, வட்டத்துக்குள்ளேயே பள்ளி, கடை, விளையாட்டிடம், நிறைய மரம் என்று வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதே சிந்தனைதான், வீடு மட்டும் தரையோடு பரவாமல் மேலே அடுக்கியிருக்கும். (நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையமே சோவியத் உதவியில் வந்தது, முதல் அலகு 1962-இல் ஓடத் தொடங்கியது.) 2020 செப்டம்பரில் திறந்த எம்5 மெட்ரோ நேராக உள்ளே கொண்டுபோய் விடும். பூங்காவில் இறங்கி, பெரிய சாலையை விட்டு உள்தெருக்களில் நடங்கள்.

பார்க்கும்போது காலத்தைப் பிரிக்கும் வழி: 60களின் கட்டடங்களுக்கு இடையே நல்ல இடைவெளி இருக்கும், நடுவில் மரம் வளர்ந்து மாடி உயரம் வந்திருக்கும். 70களின் நடுவிலிருந்து இடைவெளி குறையும். சாலையோரம் மதில் போல வரிசை கட்டி நிற்கும். அரசு நிலத்தைச் சிக்கனம் பண்ணச் சொன்னது, அதனால் அடர்த்தி கூடியது. மிலிதாரி பகுதிக்குப் போனால் இந்த மாற்றம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஒரு ஏமாற்றம் காத்திருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளும் அவற்றின் இணைப்புக் கோடுகளும்தான் இந்த வீடுகளின் அழகு. குளிர் உள்ளே வராமல் இருக்க இப்போது வெளிச்சுவர் முழுக்க தெர்மாகோல் ஒட்டி, மேலே பூசி, வண்ணம் அடித்துவிடுகிறார்கள். குடியிருப்பவர்களுக்கு நல்லது, வெப்பச் செலவு குறையும். பழைய முகம் வேண்டுமென்றால் ஒட்டாத கட்டடத்தைத் தேட வேண்டும். பின்பக்கச் சுவர், மாடிப்படிப் பக்கம், கடைகள் உள்ள தரைத்தளம் இவற்றில் கோடு இன்னும் தெரியும்.

இனி அறை எடுப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வாடகை வீட்டு விளம்பரங்களில் நடுநகரின் மகேரு பெருவீதி அழகாகத் தெரியும். 1977-இல் விழுந்த உயரமான கட்டடங்களில் பெரும்பாலானவை கம்யூனிஸ ஆட்சி கட்டியவை அல்ல; இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, நிலநடுக்க விதி எதுவும் இல்லாமல் எழுந்த கான்கிரீட் கட்டடங்கள். 1940 நடுக்கத்தில் ஏற்கெனவே உள்ளுக்குள் பலவீனப்பட்டவை. அந்த வகையில் பல இன்னும் மகேருவில் நிற்கின்றன. மிக ஆபத்தானவை என்று பொறியாளர்கள் முடிவு செய்தவற்றின் வாசலில் வட்டமான சிவப்புத் தகடு இருக்கும். ஊரில் அதை 'புலீனா ரோஷியே', சிவப்புப் பொட்டு, என்பார்கள். பட்டியலை நகராட்சி இணையத்தில் வெளியிடுகிறது, வகுப்பு ஆர்எஸ்1 என்று இருக்கும். பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் தெரு, கதவு எண் இரண்டும் வாங்கி, பட்டியலில் தேடுங்கள். கதவு எண் தர மறுத்தால் அந்த வீடு வேண்டாம். பலகைக் கான்கிரீட் குடியிருப்புகள் பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் 77-இல் தாங்கி நின்றவை.

அம்மாவின் முழங்காலுக்காக இன்னொன்று. அங்கே கட்டடத்தை 'பி+4', 'பி+10' என்று எழுதுவார்கள். பி என்றால் தரைத்தளம், அடுத்த எண் அதற்கு மேலே எத்தனை மாடி என்பது. பி+4 கட்டடங்களில் பொதுவாக லிஃப்ட் இருக்காது. பி+8, பி+10 என்றால் லிஃப்ட் உண்டு, ஆனால் சின்னது. இரண்டு பெட்டியோடு இருவர் நின்றாலே நிறைந்துவிடும். லிஃப்ட் வாசலுக்கு முன்னால் நாலைந்து படி இருக்கும் கட்டடங்களும் உண்டு, படம் அனுப்பச் சொல்லுங்கள்.

வெந்நீர்: பழைய குடியிருப்புகளுக்கு வெந்நீரும் அறைச் சூடும் நகரத்தின் பொதுக் குழாயிலிருந்து வருகிறது. அந்தக் குழாய்களும் அதே காலத்தவை, அடிக்கடி உடையும், பழுதுபார்க்க நாள்கணக்கில் நிறுத்துவார்கள். வீட்டில் தனியாக எரிவாயு பாய்லரோ மின் கீசரோ இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே தனி பாய்லருக்குப் பேர் 'சென்த்ராலா'.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு ஏற்றது உனிரீ பெருவீதியின் அடுக்குமாடிகளே. 80களில் உயர் அதிகாரிகளுக்காகக் கட்டியவை, லிஃப்ட் இருக்கும், பியாத்சா உனிரீ (உனிரீ சதுக்கம்) மெட்ரோ நடை தூரம். பார்க்க வந்த கட்டடத்திலேயே தங்கினதாகவும் ஆகும்.

---

பாரதி பூங்கா வாசி (புதுச்சேரி)

மிக்க நன்றி சார். மகேருவில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்ட இருந்தேன், நிறுத்திவிட்டேன். மாளிகைக்கு இரண்டாம் நாள் காலை என்று வைத்துக்கொள்கிறேன். மெட்ரோ நிலையங்களையும் பார்க்கலாம் என்று கேள்வி, உண்மையா? சவுசெஸ்குவின் வீடு, கல்லறை இவை எந்தப் பக்கம்? விசா பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

---

மிஷன் வீதி

விசாவிலேயே நம்ம ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவார்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு விசா வேண்டாம்; பிரெஞ்சு பாஸ்போர்ட் போதும். ஆனால் திரும்பி இந்தியாவுக்குள் வர ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) கையில் இருக்க வேண்டும். போகும்போது யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை, திரும்பும் விமானத்தில் ஏறும்போதுதான் கேட்பார்கள். பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள்.

உங்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. ருமேனியா 2024 மார்ச் 31 முதல் விமான, கடல் வழிக்கும், 2025 ஜனவரி 1 முதல் தரை வழிக்கும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. பழைய பயணக் குறிப்புகளில் 'ருமேனியாவுக்குத் தனி விசா' என்று இருக்கும், அதை விட்டுவிடுங்கள். போவது ருமேனியா மட்டும் என்றால் விண்ணப்பம் ருமேனியாவுக்குத்தான் போக வேண்டும். பிரெஞ்சு தூதரகம் நம்ம கடற்கரையிலேயே இருக்கிறது, அம்மாவும் பிரெஞ்சு என்று அங்கே விண்ணப்பித்துவிட்டு, பயணச்சீட்டில் புக்கரெஸ்ட் மட்டும் இருந்தால் திருப்பிவிடுவார்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். பாரிஸில் உறவினர் வீட்டில் 10 நாள், புக்கரெஸ்ட்டில் 4 நாள் என்றால் அப்போது பிரான்ஸ்.

கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. பாஸ்போர்ட் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்ல வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் எடுக்க மாட்டார்கள். செப்டம்பர் பயணத்துக்கு ஜூனிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஐரோப்பியக் குடிமகனோடு பயணம் செய்யும் குடும்பத்தாருக்குக் கட்டணமில்லாத விசா உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் கணவன் மனைவிக்கும், 21 வயதுக்குட்பட்ட அல்லது பெற்றோரைச் சார்ந்து வாழும் பிள்ளைக்கும், பிள்ளையைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும்தான். 33 வயதில் சொந்தச் சம்பளம் வாங்கும் உங்களுக்குப் பொருந்தாது. வழக்கமான விண்ணப்பமே போடுங்கள். அம்மாவின் பாஸ்போர்ட் நகலும் பிறப்புச் சான்றும் துணை ஆவணமாகச் சேர்க்கலாம்.

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. துபாய் அல்லது தோஹாவில் மாறுவது வசதி, இரண்டிலும் ஷெங்கன் சிக்கல் இல்லை. இறங்கியதும் விமான நிலையத்திலிருந்து ரயில் நகரின் பெரிய நிலையமான காரா தெ நோர்ட் வரை போகும்; 100 எண் பஸ் நேராக பியாத்சா உனிரீ. பெட்டியும் அம்மாவும் இருப்பதால் ஊபர், போல்ட் இரண்டில் ஒன்று போட்டுவிடுங்கள். வாசலில் வந்து 'டாக்ஸி, டாக்ஸி' என்று கூப்பிடுபவர்களோடு போக வேண்டாம்.

பணம் லெய், கடையில் யூரோ வாங்க மாட்டார்கள். மெட்ரோ வாயிலிலும் பஸ்ஸில் உள்ள ஆரஞ்சு நிறக் கருவியிலும் வங்கி அட்டையைத் தொட்டால் போதும். ரூபே அட்டையை நம்ப வேண்டாம், விசா அல்லது மாஸ்டர்கார்டு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் வங்கி செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு, தொட்டுச் செலுத்துதல் இரண்டையும் திறந்துவிடுங்கள். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு வாயிலில் நிற்பது வழக்கமான தவறு. ஏடிஎம்மில் 'ரூபாயில் மாற்றித் தரவா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அவர்கள் போடும் மாற்று விகிதம் மோசம்.

சைவம்: 'வெஜிடேரியன்' என்றால் சில இடங்களில் மீன் வரும். 'தெ போஸ்ட்' என்று கேளுங்கள். கிழக்கத்தியத் திருச்சபை விரத நாள் உணவு அது. இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. சில விரத நாட்களில் மீனுக்கு அனுமதி உண்டு, அதனால் 'ஃபரா பெஷ்தே', மீன் இல்லாமல், என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பீன்ஸ் சூப், ஜகுஸ்கா (கத்தரிக்காயும் குடைமிளகாயும் சுட்டு அரைத்தது), மமலீகா கிடைக்கும். மமலீகா மக்காச்சோளக் களி, அம்மாவுக்கு அந்நியமாக இருக்காது. தெருமுனை ஜன்னல்களில் எள் தூவிய கொவ்ரிக் சூடாகப் போடுவார்கள், நடைக்கு நடுவே பசி தாங்கும்.

---

தேவனாம்பட்டினம்

மெட்ரோ கேட்டீர்கள். கட்டாயம் பாருங்கள், மழை பெய்தாலும் தடைபடாத பகுதி அது. 1979 நவம்பரில் முதல் பாதை திறந்தது. மாஸ்கோ போல விளக்குத் தொங்கல், ஓவியம் என்று எதிர்பார்க்காதீர்கள். இது சிக்கனக் காலத்தின் மெட்ரோ, கல்லும் கான்கிரீட்டும்தான். அதிலேதான் விஷயம் இருக்கிறது.

பொலிடெக்னிகா நிலையத்தில் இறங்கித் தரையைப் பாருங்கள். சிவந்த சுண்ணாம்புக்கல் பாவியிருக்கிறார்கள். கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் வெட்டு முகத்தோடு தெரியும். திருவக்கரை கல்மரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டிய ஊர்க்காரர்களுக்கு இது தவறவிடக் கூடாதது. நெரிசல் இல்லாத முற்பகலில் போனால்தான் குனிந்து பார்க்க முடியும். டிட்டான் நிலையம் தூணே இல்லாத ஒற்றை வளைவுக் கூரை. பியாத்சா ரொமானா நிலையத்தில் பிளாட்பாரம் மிகக் குறுகல், முதுகுப் பக்கம் தடித்த சுவர், நடுநடுவே வளைவு வாசல். சவுசெஸ்குவின் மனைவி எலெனா அந்த நிலையமே வேண்டாம் என்றதால், பொறியாளர்கள் வெளியே தெரியாமல் சுரங்கத்தை மட்டும் தோண்டி வைத்து, பிறகு திறந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அங்கே அம்மாவைச் சுவரை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள், ரயில் மிக நெருங்கி வரும்.

எம்2 பாதையை ஒரு நாள் முழுக்கப் பயன்படுத்தலாம். வடக்கே அவியாத்தோரிலோர் நிலையத்தில் இறங்கினால் சவுசெஸ்கு குடும்பம் வாழ்ந்த ப்ரிமவேரீ மாளிகை 10 நிமிட நடை. 2016 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. முன்பதிவு வேண்டும், குழுவாக வழிகாட்டியோடு. மொசைக் பதித்த நீச்சல் குளம் கடைசியில் வரும். இதைப் பார்க்கும் நாளில் ட்ரூமுல் தபெரெய் குடியிருப்பையும் பார்த்துவிடுங்கள். வெந்நீரும் வெளிச்சமும் அளந்து கொடுத்த அதே ஆண்டுகளில் இரண்டு பக்கமும் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரே நாளில் தெரியும்.

அங்கிருந்து உனிவெர்சித்தாதெ நிலையம், அதிலிருந்து நடந்து புரட்சிச் சதுக்கம். முன்னாள் கட்சி மத்தியக் குழுக் கட்டடத்தின் உப்பரிகையைத் தேடுபவர்கள் மேலே மேலே பார்ப்பார்கள். அது வாசலுக்கு மேலே தாழ்வாகத்தான் இருக்கிறது. 1968 ஆகஸ்ட் 21 அன்று, செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து சவுசெஸ்கு பேசியது அங்கேதான், அன்று கூட்டம் ஆரவாரித்தது. 1989 டிசம்பர் 21 அன்று அதே இடத்தில் பேசும்போது கூட்டம் கூச்சலிட்டது. மறுநாள் கூரையிலிருந்து ஹெலிகாப்டரில் கிளம்பினார். சதுக்கத்தைச் சுற்றியுள்ள சுவர்களைக் கவனியுங்கள். அருகிலேயே உளவுப் போலீஸ் பயன்படுத்திய பழைய செங்கல் மாளிகை புரட்சியில் எரிந்தது. அந்த ஓட்டுக்குள் இருந்து கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பி நிற்கும். இப்போது அது கட்டடக்கலைஞர் சங்கத்துக்கு உரியது.

41 எண் டிராமைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு முனை பியாத்சா ப்ரெசெய் லிபெரே, மறுமுனை கெஞ்ச்சா. வடமுனையில் இருப்பது பத்திரிகை மாளிகை, 1950களில் மாஸ்கோ பல்கலைக்கழகக் கட்டடத்தின் சாயலில் எழுந்தது, கட்டடக்கலைஞர் ஹோரியா மய்கு. அப்போது கட்சி நாளேடு 'ஸ்கின்தெயா'வின் பெயர் தாங்கியது. வாசல் வளைவுகளுக்கு மேலே கல்லில் அரிவாள் சுத்தியல் இன்னும் இருக்கிறது, ஜூம் செய்து தேடுங்கள். எதிரே 1960 முதல் 1990 மார்ச் வரை லெனின் சிலை நின்ற இடத்தில் இப்போது எஃகு இறக்கைகள் நினைவுச்சின்னம். ஸ்டாலின் காலத்து அலங்காரம் எப்படி இருந்தது, 80களில் மாளிகை எப்படி ஆனது என்று ஒப்பிட இதை முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. தென்முனையில் கெஞ்ச்சா கல்லறைத் தோட்டம். சவுசெஸ்கு தம்பதியின் சிவப்புப் பளிங்குக் கல்லறை உள்ளே. 2010-இல் எச்சங்களைத் தோண்டிச் சோதித்த பிறகு இருவரையும் சேர்த்து அடக்கினார்கள். உறவினரும் ஆதரவாளரும் பூ வைத்துவிட்டுப் போவார்கள், அமைதியாகப் போய் அமைதியாக வாருங்கள். இந்தத் தடத்தில் தண்டவாள வேலை அவ்வப்போது நடக்கும், அன்று காலையில் செயலியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசி நாள் தெற்கே. கரோல் பூங்காவில் 1963-இல் கட்டிய நினைவு மண்டபம், ஐந்து உயரமான சிவப்புக் கருங்கல் வளைவுகள், 48 மீட்டர். கட்சித் தலைவர்களை அடக்கம் செய்யக் கட்டியது, ஆட்சி மாறியதும் எச்சங்களை அகற்றிவிட்டார்கள். மேடு ஏற வேண்டும், அம்மா கீழே குளத்தருகே உட்காரலாம்.

பிறகு வக்கரெஷ்தி. எனக்கு இந்நகரில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். 80களில் அங்கே இருந்த 18ஆம் நூற்றாண்டு மடாலயத்தை இடித்தார்கள். பக்கத்தில் ஏரி கட்டக் கான்கிரீட் கரை எழுப்பினார்கள். ஏரி நிறையவில்லை, 1989-க்குப் பின் கைவிட்டார்கள். கரைக்குள் நாணலும் ஊற்றுநீரும் தானாக வந்தன, பறவைகள் வந்தன. 2016-இல் 183 ஹெக்டேரை இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். கரைமேல் ஏறி நின்றால் முன்னால் நாணல், பின்னால் அடுக்குமாடி வரிசை. ஊசுட்டேரிக் கரையில் நின்று பறவை பார்த்தவர்கள் பைனாகுலரையும் எடுத்துப் போங்கள். பியாத்சா சுதுலுய் மெட்ரோவிலிருந்து நடக்கலாம். உள்ளே கழிவறையோ கடையோ எதிர்பார்க்காதீர்கள், தண்ணீர் கையில் வேண்டும். செப்டம்பரிலும் கொசு இருக்கும்.

---

லாஸ்பேட்டை கட்டுமானி

தேவனாம்பட்டினம் அண்ணன் சொன்ன வரிசை சரி. இரண்டு மட்டும் சேர்க்கிறேன். பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, சிலவற்றுக்குச் செவ்வாயும். உங்கள் 4 நாளில் திங்கள் வந்தால் அன்று குடியிருப்பும் மெட்ரோவும் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைபாதையில் கார் ஏற்றி நிறுத்துவது அங்கே சாதாரணம். கல் பெயர்ந்திருக்கும் இடங்களும் உண்டு. அம்மாவுக்கு அடிப்பாகம் தடித்த ஷூ போட்டு அழைத்துப் போங்கள், செருப்பு வேண்டாம். உனிரீ பெருவீதியை முழுக்க நடக்க வைக்க வேண்டாம். மாளிகையிலிருந்து பியாத்சா உனிரீ வரை ஒரு பகுதி போதும். அதன்பிறகு உட்கார தேசிய நூலகம் இருக்கிறது, உனிரீ சதுக்கத்துக்குக் கிழக்கே. 1986-இல் தொடங்கி, பாதியில் நின்று, 2012-இல்தான் திறந்த கட்டடம். உள்முற்றத்தில் இளைப்பாறிவிட்டு மீதியைப் பார்க்கலாம்.

யூடியூபில் போடுவதாக இருந்தால் ஒன்று: பொது இடத்தில் நிற்கும் கட்டடங்களின் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த ருமேனியச் சட்டம் இடம் தரவில்லை. பெத்ரெஸ்கு இறந்தது 2013-இல், காப்புரிமை இன்னும் நீண்ட காலம் இருக்கும். சொந்தமாகப் படம் எடுக்க, நண்பர்களுக்குக் காட்டத் தடை இல்லை.

---

பாரதி பூங்கா வாசி (புதுச்சேரி)

எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டேன். உனிரீ வீதியில் பி+8 கட்டடத்தில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், லிஃப்ட் வாசல் படமும் சென்த்ராலா பற்றியும் கேட்டு அனுப்பியிருக்கிறேன். கதவு எண்ணும் தந்துவிட்டார்கள், பட்டியலில் இல்லை. விசா விண்ணப்பம் ஜூன் முதல் வாரம்.

கடைசியாக ஒன்று: மிஹாய் வோடா தேவாலயத்துக்குள் போகலாமா, வெளியே மட்டும்தானா?

---

கெடிலக்கரை (கடலூர்)

போகலாம், வழிபாடு நடக்கும் கோயில் அது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பூசை நடக்கும்போது பின்பக்கம் நின்றுகொள்ளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். வெளியே வந்ததும் அடிச்சுவரை ஒட்டி ஒரு சுற்று வாருங்கள், பிறகு மேற்கே மாளிகைப் பக்கம் திரும்பி நில்லுங்கள். 289 மீட்டர் அந்தத் திசையிலிருந்துதான் வந்தது.